ஆடிக் கூழும் வயிற்றுத் தீயும்

பகவத் கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் தன்னைப் பற்றிக் கூறிவருகையில், உயிர்களின் உடலுக்குள் வைசுவாநரன் என்னும் தீயாகத் தங்கியிருந்து, நால்வகை உணவையும் தானே செரிப்பிப்பதாக அருளுகிறான். சூரியனிலும் சந்திரனிலும் ஒளிர்பவன் நம் வயிற்றிலும் இருக்கிறான் என்பது எத்தனை பெரிய செய்தி! அந்தத் தீ நன்றாக எரிகிறது என்பதற்கு அடையாளம் பசி. ஆகவே பசி வருவது துன்பமன்று. உள்ளிருக்கும் தெய்வம் தன் நைவேத்தியத்தைக் கேட்பதே பசி.

ஆயினும் இன்று கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து பேசும் தாய்மார்களிடம் அடிக்கடி கேட்கும் குறை எது? “என் பிள்ளைக்குப் பசியே எடுப்பதில்லை. தட்டைக் கண்டாலே ஓடுகிறான்.” பக்கத்தில் இருக்கும் மூத்தவர் சொல்லுவார்: “எனக்கும் அப்படித்தான் அம்மா. வயிறு எப்போதும் மந்தமாகவே இருக்கிறது. காலைக்கடன் ஒழுங்காகக் கழிந்து நாளாயிற்று.” வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை, பாலுக்குக் குறைவில்லை. குறைந்திருப்பது பசி ஒன்றுதான்.

இந்தக் குறைக்கு நம் முன்னோர் மருந்துக் கடையில் விடை தேடவில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சி, ஊருக்கே வார்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கூழைப் பற்றியே இந்த வாரம் சிந்திப்போம்.

கூட்டுச்சாலையும் கூழ்ப்பானையும்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் நோக்கிச் சென்றால் கூட்டேரிப்பட்டு வரும். மயிலம் முருகனைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் பலர் பேருந்தைவிட்டு இறங்கும் இடம் இது. சூரபதுமன் மயிலுருவான மலையாகத் தவமிருந்து பெருமானின் அருளைப் பெற்றான் என்று தலவரலாறு சொல்லும் அந்தக் குன்று, இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மேற்கே செஞ்சியைக் கடந்து சென்றால் மேல்மலையனூரில் அங்காளம்மன் அருள்பாலிக்கிறாள். ஆக, ஒரு பக்கம் மகனும் மறுபக்கம் அன்னையும் காத்து நிற்கும் பூமி இது.

ஆடி பிறந்துவிட்டால் இப்பகுதிக் கிராமங்களில் மாரியம்மனுக்கும் அங்காளம்மனுக்கும் கூழ் வார்க்கும் திருவிழா தொடங்கிவிடும். வீட்டுக்கு வீடு கேழ்வரகு தருவார்கள். கரகம் சோடித்து, வேப்பிலை கட்டிய குடங்களில் கூழைச் சுமந்து பெண்கள் ஊர்வலமாக வருவார்கள். அம்மனுக்குப் படைத்தபின், செல்வர் ஏழை என்ற வேறுபாடின்றிச் சொம்போடும் தூக்குச்சட்டியோடும் வரும் எல்லோருக்கும் வார்ப்பார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. ஜமதக்கினி முனிவர் கொலையுண்டபின் ரேணுகாதேவி தீயில் இறங்கினாள். மழை பொழிந்து தீ அணைந்தது. உடலெங்கும் கொப்புளங்களோடு, வேப்பிலையையே ஆடையாக உடுத்து, பசியோடு ஊருக்குள் வந்த அன்னைக்கு எளிய மக்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்துப் பசியாற்றினார்கள். அவளே மாரியம்மனாக அமர்ந்தாள் என்பர். இக்கதையில் நாம் கருத வேண்டிய இடம் ஒன்றுண்டு. உலகத்துக்கே படியளக்கும் தாய், பசியோடுதான் ஊருக்குள் வந்தாள். பசியைத் தீர்த்த கைகளுக்குத்தான் அருள் செய்தாள்.

காலத்தையும் நோக்குங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் உழவர்க்கு உடலுழைப்பு மிகுந்த மாதம் இது. கோடையின் வெம்மை முற்றும் அடங்கவில்லை. காற்றும் தூறலும் மாறி மாறி வருகின்றன. குடிநீரில் மாசு கலப்பதால் வயிற்றுக் கோளாறுகள் பரவுவதற்கும் இதுவே ஏற்ற பருவம். முந்தைய விளைச்சலின் நெல் களஞ்சியத்தில் குறைந்திருக்கும். புன்செய்க் கேழ்வரகோ ஆண்டுக்கணக்கில் கெடாமல் குதிரில் இருக்கும். வயிற்றுக்கு இதமாகவும், உழைப்புக்கு உரமாகவும், எல்லோர்க்கும் எட்டுவதாகவும் ஓர் உணவு வேண்டியிருந்தது. அதை அன்னையின் பிரசாதமாக ஆக்கிவிட்டார்கள்.

மூன்று நாள் பக்குவம்

கூழ் காய்ச்சுவதை எளிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அரைத்த கேழ்வரகு மாவை முதல்நாள் இரவே நீரில் கரைத்து, மூடி வைப்பார்கள். மறுநாள் அது மெல்லப் புளித்து, மேலே சிறு குமிழிகள் தோன்றும். பச்சரிசி நொய்யைக் கொதிக்கும் நீரிலிட்டுக் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, கட்டி தட்டாதபடி துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கையை நீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும்; அதுவே வெந்த பதம். அதை ஆறவிட்டு, ஓர் இரவு அப்படியே வைப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் நீரும் மோரும் விட்டுக் கரைத்து, உப்பிட்டு, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டால் கூழ் ஆயத்தம். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைத் துவட்டலோ மாங்காய்த் துண்டோ மோர்மிளகாயோ இருக்கும்.

இந்தப் பக்குவத்தின் ஒவ்வொரு படியிலும் நம் குடலுக்கு ஒரு நன்மை இருக்கிறது.

முதலில் தானியத்தைக் காண்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளரிசியில் அது 3 கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச் சத்தோ கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அரிசியில் 10 மில்லிகிராம் கூட இல்லை. வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது உணவிலிருந்து பெற வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் அறிவுறுத்தியது. மூன்று வேளையும் வெள்ளரிசியையும் மைதாவையும் உண்பவர்கள் இந்த அளவை எட்டுவது அரிது.

அடுத்து, புளிப்பு. தானியங்களின் இரும்பையும் சுண்ணாம்பையும் உடல் ஏற்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டிக் அமிலம் என்னும் பொருள் கேழ்வரகிலும் உண்டு. மாவு புளிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. மாவைப் புளிக்கவைத்த நுண்ணுயிர்கள் கொதியில் மடிந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அவை செய்துவைத்த வேலை மடிவதில்லை. காய்ச்சிய கூழ் ஓர் இரவு இருக்கும்போது மீண்டும் சிறிது புளிக்கிறது; கரைக்கும்போது சேரும் மோரோ உயிருள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொண்டுவருகிறது.

மூன்றாவது, ஆறவைத்தல். வெந்த மாவுப்பொருள் குளிரும்போது அதில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. சிறுகுடலில் கரையாமல் அது பெருங்குடல் வரை சென்று, அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. இரவெல்லாம் நீரில் ஊறிய பழைய சோற்றுக்கும் இந்தச் சிறப்பு உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியின் குடல் மருத்துவர்கள் பழைய சோற்றுக்கும் குடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, நம் பாட்டிமாருக்குக் கிடைத்த மரியாதை என்றே சொல்ல வேண்டும்.

வயிற்றுக்குள் ஒரு குடியிருப்பு

நம் உடலில் உள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, நம் உடலின் உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழச் சமம் என்று ஆய்வாளர்கள் 2016-ல் கணக்கிட்டார்கள். பல லட்சம் கோடி உயிர்கள்! அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நாம் ஒருவர் உண்பதாக நினைக்கிறோம். உண்மையில் ஓர் ஊருக்கே படியளக்கிறோம்.

அந்த ஊர் நன்றி மறவாதது. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அது உண்டு, பியூட்டிரேட் முதலிய சிறு அமிலங்களை உண்டாக்குகிறது. பெருங்குடலின் உட்சுவருக்கு அவையே முக்கியமான உணவு. அவை குடலைத் தூண்டி, ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் சில ஹார்மோன்களையும் சுரக்கச் செய்கின்றன. நார்ச்சத்து இல்லாத உணவையே நாள்தோறும் உண்டால் இந்தக் குடிகள் பட்டினி கிடக்கும். அப்போது அவற்றில் சில, குடற்சுவரைக் காத்து நிற்கும் சளிப்படலத்தையே உணவாக்கிக்கொள்ளத் தொடங்குகின்றன என்று ஆய்வுக்கூட விலங்குகளில் கண்டிருக்கிறார்கள்.

புளித்த உணவின் பெருமையை மேல்நாட்டார் உணர்ந்ததும் அண்மையில்தான். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய இலியா மெச்னிகாஃப், நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். பல்கேரிய நாட்டு உழவர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் அருந்தும் புளித்த பாலே காரணமாகலாம் என்று அவர் எழுதினார். அப்போது நம் கிராமங்களில் மோர்ப்பானை கவிழ்ந்ததே கிடையாது.

பசியும் வெறும் வயிற்றின் வெறுமை மட்டுமன்று. கிரெலின் என்னும் ஹார்மோனை ஜப்பானிய அறிஞர்கள் 1999-ல் கண்டறிந்தார்கள். உணவு வேளை நெருங்கும்போது இரைப்பை அதைச் சுரந்து, ‘பசிக்கிறது’ என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. உண்டபின் அது தணிகிறது. நாள்தோறும் ஒரே வேளையில் உண்பவருக்கு அந்த வேளை வரும்போது இச்சேதி தானே புறப்படும். உச்சிக்கால பூசை மணி ஒலித்தால் அன்பர்கள் கூடுவதுபோல, வயிறும் தன் வேளையை அறியும். வேளையே இல்லாமல் எந்நேரமும் எதையாவது கொறிப்பவருக்கு அந்த மணி ஒலிப்பதே இல்லை.

மனத்துக்கும் குடலுக்கும் உறவுண்டு. மன அமைதியோடு தொடர்புடைய செரட்டோனின் என்னும் பொருளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உருவாகிறது. அது நேரே மூளைக்குச் செல்வதில்லை எனினும், குடலையும் மூளையையும் இணைக்கும் நரம்புப் பாதையில் சேதிகள் இடையறாது போய் வருகின்றன. மனக்கலக்கம் வந்தால் வயிறு கலங்குவதும், வயிறு கெட்டால் முகம் வாடுவதும் இதனால்தான்.

பசியைக் கொல்லும் பொட்டலம்

இப்போது அதே கூட்டேரிப்பட்டுச் சாலையோரத்தில் நின்று பாருங்கள். நெடுஞ்சாலைகளின் எல்லா ஊர்களையும் போலவே, கடைகளின் முன்னே சரஞ்சரமாகப் பொட்டலங்கள் தொங்குகின்றன. பிஸ்கட், சிப்ஸ், இனிப்புப் பானம். மலையேறப் போகும் குழந்தையின் கையில் ஒன்று. இறங்கி வந்தபின் மற்றொன்று. வீடு சேர்ந்து தாய் சோறு பிசைந்து வைக்கும்போது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பசியில்லாத பிள்ளை அன்று. பசியை விலைக்கு விற்றுவிட்ட பிள்ளை.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு, 2019-ல் இதன் முடிவை வெளியிட்டது. இருபது பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். இரண்டு வகையிலும் வைக்கப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்தின் அளவு ஒன்றே. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றும் சொன்னார்கள். பதப்படுத்திய உணவை உண்டபோது ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. இயல்பான உணவில் அதே அளவு குறைந்தது. பொட்டல உணவு விரைவாகத் தொண்டையைக் கடந்துவிடுகிறது. ‘போதும்’ என்ற சேதி மூளையை எட்டுமுன் தட்டு காலியாகிவிடுகிறது. ஆகவே ஒரே உணவு, பெரியவரை அளவுக்கு மேல் உண்ணச் செய்கிறது. வேளையின்றிக் கொடுக்கும்போது குழந்தையை வீட்டு உணவுக்குப் பசியில்லாமலும் செய்கிறது.

விரத நாள்களிலும் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். சஷ்டிக்கும் கிருத்திகைக்கும் உபவாசம் இருப்பது, வயிற்றுக்கு ஓய்வளித்து உள்ளத்தை இறைவனிடம் திருப்புவதற்காக. அன்றைக்குச் சோற்றை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, ஜவ்வரிசி வடையும் உருளைக்கிழங்கு வறுவலும் இனிப்பும் பாலுமாக நாள் முழுவதும் உண்டால், வயிறு என்றைக்கும்விட அன்றுதான் அதிகம் உழைக்கிறது. முருகன் புன்னகைப்பானே அன்றி வேறென்ன செய்வான்!

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் 95-ஆவதாக அமைந்திருக்கிறது. மருந்தின் பெயர்களை அங்கே தேடினால் கிடைக்காது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், நன்றாகப் பசித்தபின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல் ஆகியவற்றையே வள்ளுவர் மருந்தாக வைத்தார்.

இரண்டு பசிகள்

கூட்டேரிப்பட்டுக்குத் தெற்கே, கடலூர் மாவட்டத்து வடலூரில், வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து, வருவோர்க்கெல்லாம் சோறிட்டு வருகிறது. பசித்தவரின் பசியைத் தீர்ப்பதே சீவகாருணியத்தின் தலையாய செயல் என்று அந்த ஞானி கண்டார்.

அவர் கண்டு உருகியது உணவில்லாமையால் வரும் பசி. அதைத் தீர்ப்பது அறம். நம் இல்லங்களில் இருப்பதோ வேறு. உணவு மிகுந்ததால் பசி மறைந்துபோயிற்று. அதை மீட்டுத் தருவதும் அறமே. இவ்விரண்டுக்கும் ஒரே அண்டாவிலிருந்து விடை வார்த்தது ஆடித் திருவிழா. உணவில்லாதவருக்கு அது சோறு. உணவு மிகுந்தவருக்கு அது மருந்து.

வயிறு நிரம்புவதும் உடல் ஊட்டம் பெறுவதும் ஒன்றல்ல என்பதற்குச் சான்று வேண்டுமா? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. இரத்தசோகை வந்த குழந்தைக்குப் பசி குறையும். பசி குறைந்தால் சோகை மேலும் கூடும். இந்தச் சுழலிலிருந்து குழந்தையை மீட்பது தாயின் தலையாய கடமை.

இல்லத்தில் செய்யத்தக்கவை

ஆண்டுக்கு ஒருநாள் கோயிலில் வாங்கிக் குடித்துவிட்டு மறந்துபோகாமல், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று காலை வேளைகளைக் கேழ்வரகுக்கோ கம்புக்கோ ஒதுக்குங்கள். கூழ் பிடிக்காத குழந்தைக்குப் புளித்த மாவில் தோசை வார்க்கலாம். முருங்கைக்கீரை கலந்து அடை தட்டலாம். முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகில் இரும்புச் சத்து உடலில் எளிதாகச் சேரும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ மாங்காயோ சேர்த்தால் இன்னும் நன்று. உண்டவுடன் தேநீரும் காபியும் அருந்தினால் அந்த இரும்பு வீணாகும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

இப்பகுதியின் மற்றொரு செல்வம் நிலக்கடலையும் எள்ளும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் ‘டிஎம்வி’ என்ற அடையாளத்தோடு நாடெங்கும் விளைகின்றன. அந்த எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் பொட்டலத்துக்குப் பதிலாக வேகவைத்த ஒரு கைப்பிடி கடலையையோ சுண்டலையோ கொடுங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தொண்டையில் அடைக்காதபடி மசித்துக் கொடுக்க வேண்டும்.

குழந்தைக்குப் பசி வருவதற்கு இடங்கொடுங்கள். ஒருவேளை உணவுக்கும் அடுத்த வேளைக்கும் இடையே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டாம். ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் கொடுத்தால், சோற்றுக்கு வயிற்றில் இடமிராது. இரும்புச் சத்தும் குறையும். தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ காட்டி ஊட்டினால், ‘போதும்’ என்று சொல்லவும் ‘வேண்டும்’ என்று கேட்கவும் குழந்தை கற்றுக்கொள்வதில்லை. குடும்பத்தோடு உட்காரவைத்து, இறைவன் பெயரை ஒருமுறை சொல்லி, தன் கையாலேயே உண்ணவிடுங்கள்.

மூத்தவர்களின் மந்தத்துக்கும் வழியுண்டு. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கூடவே நீரும் போதிய அளவு அருந்த வேண்டும். நீரின்றி நார் மட்டும் சென்றால் மலச்சிக்கல் மிகுமே தவிரக் குறையாது. காலையில் ஒரு தம்ளர் கூழ், பகலில் கீரை, மாலையில் கோயில் பிராகாரத்தை வலம்வருதல். இந்த மூன்றும் கூடினால் வயிற்றுத் தீ தானே மூளும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல். ‘கேழ்வரகுதானே’ என்று சொம்பு சொம்பாகக் குடிக்கக் கூடாது. நைசாக அரைத்துக் குழைய வேகவைத்த கூழ், இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடியது. ஒரு தம்ளரோடு நிறுத்தி, கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோர்மிளகாயையும் ஊறுகாயையும் தொட்டுப் பார்ப்பதோடு விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பே எல்லை. சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றலாகாது.

கூழால் தீராதவை

பசியின்மை எல்லாம் பழக்கத்தால் வருவன அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் பசி எடுக்கவில்லை, காரணமின்றி எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் தெரிகிறது அல்லது மலம் கறுத்துப் போகிறது, விழுங்கும்போது தடை தோன்றுகிறது, குழந்தையின் எடை மாதக்கணக்கில் ஏறவில்லை என்றால் நேர்த்திக்கடனோடு நின்றுவிடாதீர்கள். அம்மனை வணங்கிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் ஒரு முதியவர் தட்டை ஒதுக்கினால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிட வேண்டாம். பல்வலியும், உட்கொள்ளும் மாத்திரைகளும், சொல்லாத துயரமும் பசியைப் போக்கும். “ஏன் சாப்பிடவில்லை?” என்று அதட்டுவதைவிட, அருகில் உட்கார்ந்து உடன் உண்பது பலருக்கு மருந்தாகும்.

குழந்தைகளின் பசியைத் திருடும் இன்னொன்று குடற்புழு. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை நடுவண் அரசு தேசியக் குடற்புழு நீக்க நாள்களாக வைத்திருக்கிறது. மாநிலத்துக்கேற்பத் தேதி சற்று மாறுவதுண்டு. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோர்க்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மாத்திரையை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆகஸ்ட் 10 ஆடி மாதத்திலேயே வருகிறது. கூழ்வார்க்கும் மாதத்தில் பிள்ளைக்கு இந்த மாத்திரையும் கிடைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூழ் வார்க்கும் கைகளுக்கு

விழா எடுக்கும் அன்பர்களிடம் நிறைவாகச் சில விண்ணப்பங்கள். கூழைக் கொதிக்கக் காய்ச்சுகிறோம். ஆனால் மறுநாள் அதைக் கரைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. அந்த நீரைக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் அரியும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். அண்டாவை மூடி வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குவளைகள் வேண்டாம். வீட்டிலிருந்து சொம்பு கொண்டுவரும் பழைய வழக்கத்தை மீட்டெடுங்கள். வேலை நெருக்கடியில் புளிக்கவைக்காமல் மாவை உடனே கரைத்துக் காய்ச்சுகிற குறுக்குவழி வேண்டவே வேண்டாம். புளிப்பில்லாத கூழ் வயிற்றை நிரப்பும். ஆனால் பாதிப் பயனை அடுப்படியிலேயே இழந்துவிட்டு வரும்.

குழந்தைகளையும் வரிசையில் நிறுத்துங்கள். முதல் மிடறு புளிக்கும், முகம் சுளிப்பார்கள். வற்புறுத்த வேண்டாம். தாய் குடிப்பதைப் பார்த்து, அடுத்த வீட்டுப் பிள்ளை குடிப்பதைப் பார்த்து, அடுத்த வெள்ளிக்கிழமை கையை நீட்டுவார்கள். புதிய சுவையை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பல முறை சுவைக்க வேண்டியிருக்கும். ஆடி வெள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் நமக்குத் துணையே.

பசியோடு வந்த அன்னைக்கு எளியவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அவள் ஊரையே காத்தாள். நம் வயிற்றில் தீயாக அமர்ந்திருக்கும் தெய்வத்துக்கும், வேளையறிந்து, அளவறிந்து, தூயதைப் படைப்போம். நல்ல பசியும், நல்ல செரிமானமும், உண்டதைப் பகிரும் மனமும் எல்லா இல்லங்களிலும் நிலைக்க அன்னை அருள்புரிவாளாக.